நகர்வது யார்? கொடைக்கானல் – கன்னியாகுமரி பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, பாண்டியன் எக்ஸ்பிரஸ்

காலாண்டுத் தேர்வு விடுமுறை. அக்கா, அக்கா மகள் கயல், நான் என்று மூன்று பேர் கிளம்பியிருக்கிறோம். முதலில் கொடைக்கானல், அப்புறம் கன்னியாகுமரி. ஊர் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் கயல் ஒன்பதாம் வகுப்பு, பையில் துணியோடு ஒரு கோபத்தையும் எடுத்து வைத்திருக்கிறாள். அறிவியல் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி: "ஓடும் ரயிலில் அமர்ந்திருக்கும் பயணி ஓய்வு நிலையில் உள்ளாரா, இயக்கத்தில் உள்ளாரா?" இவள் "இரண்டும்" என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி விழுந்திருக்கிறது.

எனக்குக் கேட்டால் அரை மதிப்பெண் கொடுத்திருப்பேன். இரண்டும்தான், சரி. எதைப் பொறுத்து ஓய்வு, எதைப் பொறுத்து இயக்கம் என்று எழுதவில்லையே. எதிர் சீட்டில் இருக்கும் அக்காவைப் பொறுத்து நான் அசையாமல் இருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே போகும் மின்கம்பத்தைப் பொறுத்து ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பொருளின் இடம், இன்னொரு பொருளோடு ஒப்பிடும்போது, நேரம் போகப் போக மாறினால் அது இயக்கம். அந்த "இன்னொரு பொருள்" யார் என்று சொல்லாமல் கேட்கும் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. கேள்வித்தாள் தயாரித்தவரும் அதைச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். பாடத்தில் இதற்குக் குறிப்பாயம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அக்காவிடம் அந்தப் பெயரைச் சொன்னதும் கொட்டாவி விட்டார், அதனால் இனி சொல்லப்போவதில்லை.

செங்கல்பட்டு தாண்டி வண்டி வேகம் பிடித்ததும் கயல் கைபேசியில் வேகம் பார்த்தாள்: நூறுக்குப் பக்கம். ஐந்து ரூபாய் நாணயத்தை மேலே சுண்டச் சொன்னேன். கையிலேயே வந்து விழுந்தது. அரை மீட்டர் உயரத்துக்குச் சுண்டினால் நாணயம் ஏறக்குறைய 0.64 விநாடி காற்றில் இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 17, 18 மீட்டர் ஓடிவிடும். ஒரு பெட்டியின் நீளமே 24 மீட்டருக்குக் கிட்டத்தட்டத்தான். நாணயம் பின்னால் தங்கியிருந்தால் கழிவறைப் பக்கம் போய்த்தான் பொறுக்க வேண்டும். தங்காததற்குக் காரணம், கையை விட்டபோதே அதற்கும் வண்டியின் வேகம் இருந்தது என்பதுதான். அதைப் பறிக்க யாரும் இல்லை. 1632-லேயே கலிலியோ இதைக் கப்பலை வைத்துச் சொல்லிவிட்டார்: அடித்தட்டு அறையில் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், கடல் அமைதியாக இருந்து கப்பல் ஒரே சீராகப் போகும்வரை, துளி விழுவதைப் பார்த்தோ பூச்சி பறப்பதைப் பார்த்தோ கப்பல் நிற்கிறதா போகிறதா என்று கண்டுபிடிக்க முடியாது.

"அப்ப நான் ரயில்ல போறேன்னு எனக்கு எப்படி மாமா தெரியுது?"

ஆட்டம், சத்தம், ஜன்னல். மூன்றும் இல்லாவிட்டால் தெரியாது. தூங்கி எழுந்தபின் பேசலாம் என்று விளக்கை அணைத்தாயிற்று.

வெள்ளி, மலை ஏறினோம்

ராத்திரி நடுவில் விழிப்பு வந்தது. சைடு பெர்த்தில் படுத்தபடி, வண்டி வந்த வழியே திரும்பிப் போகிறது என்று ஒரு உறுதியான நினைப்பு. தலை இருந்த பக்கம்தான் என்ஜின் இருக்க வேண்டும், ஆனால் உடம்பு முழுக்கக் கால் பக்கமாகப் போவதுபோல் இருந்தது. ரயிலில் தூங்கியவர்களுக்கு இது பழக்கமான குழப்பம். இருட்டு, ஜன்னல் சாத்தியிருக்கிறது, வேகம் சீராக இருக்கிறது. முன்னா பின்னா என்று உடம்பால் சொல்லவே முடிவதில்லை, அதனால் மனம் தன் போக்கில் ஒரு திசையை வைத்துக்கொள்கிறது. ஏதோ ஒரு ஸ்டேஷன் விளக்கு வெளியே ஓடியதும் சட்டென்று எல்லாம் திரும்பிச் சரியானது.

விடியும் முன் கொடை ரோட்டில் இறங்கி, டீ குடித்துவிட்டு பஸ் பிடித்தோம். வத்தலகுண்டு வரை ஒன்றும் இல்லை. மலைப்பாதை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கயல் கைபேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. அப்புறம் கயலின் முகம் வெளுத்தது. நடத்துநர் இதை ஆயிரம் தடவை பார்த்தவர் போலிருக்கிறது, திரும்பிக்கூடப் பார்க்காமல், "போனை உள்ள வைம்மா, நேரா ரோட்டைப் பாரு" என்றார். பின் சீட்டு அம்மா ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். பிளாஸ்டிக் பையும் அவரே கொடுத்தார். இரண்டுமே பயன்பட்டன.

நடத்துநர் சொன்னதுதான் இதற்கு மருந்து. காதுக்குள்ளே அரைவட்டமாக மூன்று குழல்கள், உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழல் திரும்பிவிடும், திரவம் கொஞ்சம் பின்தங்கும், அந்தத் தள்ளலில் உள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்கள் சாயும். அதை வைத்துத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று அறிகிறது. நேராக வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர அங்கேயே சுண்ணாம்புத் துகள் வைத்த வேறு உறுப்பு இருக்கிறது. கைபேசியைப் பார்க்கும் கண், "எல்லாம் அசையாமல் இருக்கிறது" என்கிறது. காது, "இடது, வலது, இடது" என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் முரண்படுவதன் விளைவுதான் அந்தப் பிளாஸ்டிக் பை. சாலையைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்லும்.

இதில் முக்கியமான விஷயம், காது சொல்வது மாற்றத்தை மட்டும்தான். வேகத்தை அது சொல்வதே இல்லை. தட்டாமாலை சுற்றிய எல்லாருக்கும் இது தெரியும். ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தால் குழலுக்குள் இருக்கும் திரவமும் சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும், சுற்றுவதே உறைக்காது. நிறுத்தும்போதுதான் உலகம் எதிர்ப்பக்கமாகச் சுழலும், ஏனென்றால் நாம் நின்றபின்னும் திரவம் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி பெர்த்தில் எனக்கு நேர்ந்ததும் மாற்றம் இல்லாததால் வந்ததுதான். சீரான நேர்கோட்டு வேகத்தைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு உறுப்பும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அங்கே கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கவனித்தோம். எதிரே வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோனபோது, நெருங்கும்வரை சத்தம் கீச்சென்றும், தாண்டியதும் சட்டென்று கனத்தும் கேட்டது. எங்கள் பஸ்ஸின் ஹாரன் மட்டும் எந்த வேகத்திலும் ஒரே சுருதிதான், அது எங்களோடேயே வருகிறது. நாளைக்கு இது வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள் என்று கயலிடம் சொல்லி வைத்தேன். தலையாட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வெள்ளி நீர்வீழ்ச்சியில் கூட்டம். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

சனி, சூரியனைப் பார்க்கும் இடம்

கொடைக்கானலில் ஏரி, தூண் பாறை, குணா குகை என்று எல்லாரும் போகிற இடங்கள் இருக்கின்றன. நான் வந்தது மேலே, 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகத்துக்காக. 1899-ல் தொடங்கியது. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய வானாய்வகத்தின் வழி வந்தது. 1904-லிருந்து சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள், நூறு வருஷத்துக்கு மேல். போகுமுன் பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் இல்லாத காலையாக அமைந்தால் அதிர்ஷ்டம்.

எங்களுக்கு அமைந்தது. சூரியனின் பிம்பத்தையும், சூரிய ஒளியைப் பிரித்த வண்ணப் பட்டையையும் காட்டினார்கள். பட்டையின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். சூரியனின் மேலடுக்கில் இருக்கும் இரும்பு, சோடியம், கால்சியம் போன்ற தனிமங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கிக்கொள்வதால் வரும் கோடுகள் இவை. எந்தக் கோடு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது சோதனைச்சாலையில் அளந்து தெரிந்த விஷயம்.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் இதே வளாகத்தில் ஒரு சூரியக் கரும்புள்ளியின் கோடுகளைப் படமெடுத்தார். கரும்புள்ளி என்றால் நடுவில் இருண்ட பகுதி, அதைச் சுற்றிக் கொஞ்சம் வெளிறிய விளிம்பு. அந்த விளிம்பைத் தாண்டும் இடத்தில் கோடுகள் நேராக இல்லை, சாய்ந்திருந்தன. புள்ளியின் ஒரு பக்கம் சிவப்பை நோக்கி, மறுபக்கம் நீலத்தை நோக்கி. நேற்றைய ஹாரன்தான் இது. விலகிப் போகும் பொருளின் ஒளி அலை நீள்கிறது, நெருங்கி வரும் பொருளின் அலை சுருங்குகிறது. அதாவது கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்பக்கமாக எல்லாத் திசையிலும் பாய்ந்துகொண்டிருக்கிறது, விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வேகத்தில். உலகம் முழுக்க இன்றைக்கும் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

இரண்டு கிலோமீட்டர் பெரிய வேகமாகத் தோன்றும். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. கோடும் அந்த அளவுதான் நகரும். அதை 1909-ல் கண்ணாடித் தகட்டில் பிடித்திருக்கிறார்!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த துணுக்கு வேறு. சூரிய வட்டத்தின் ஓரத்துக்குப் பக்கத்தில் புள்ளி இருக்கும்போதுதான் கோடு நன்றாகச் சாய்கிறது. வட்டத்தின் நடுவில் இருக்கும்போது சாய்வு காணாமல் போகிறது. வாயு நின்றுவிட்டதா? இல்லை. நடுவில் இருக்கும்போது வாயு நம் பார்வைக்குக் குறுக்கே ஓடுகிறது, நம்மை நோக்கியும் வரவில்லை, விலகியும் போகவில்லை. இந்தக் கருவி நெருங்குவதையும் விலகுவதையும் மட்டும்தான் பார்க்கும். சாய்வு மறைந்ததை வைத்தேதான் ஓட்டம் சூரிய மேற்பரப்புக்குக் கிடையாக இருக்கிறது என்ற முடிவுக்கு வர முடிந்தது.

கயல் கேட்டது இதைவிட எளிமையான கேள்வி: "சூரியன் தன்னைத்தானே சுத்த எத்தனை நாள் மாமா?"

எனக்குத் தெரிந்த இரண்டு விடைகளையும் சொன்னேன். 25.38 நாள். 27.28 நாள். அவள் முறைத்தாள். இரண்டுமே உண்மையான எண்கள், கரும்புள்ளிகள் நகர்வதை வைத்து 19-ஆம் நூற்றாண்டு வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் காலத்திலிருந்து சொல்லிவருகிற சராசரிக் கணக்கு. தொலைவில் இருக்கும் விண்மீன்களை வைத்துப் பார்த்தால் 25.38. பூமியிலிருந்து பார்த்தால் 27.28, ஏனென்றால் சூரியன் ஒரு சுற்றை முடிப்பதற்குள் நாமும் அதே திசையில் நம் பாதையில் நகர்ந்துவிடுகிறோம். அதே புள்ளி நம் கண்ணுக்கு நேராக வர இன்னும் இரண்டு நாள் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. சூரியன் ஒன்றுதான், சுற்றுவதும் ஒரே மாதிரிதான். எதை வைத்து எண்ணுகிறோம் என்பது மாறினால் நாளும் மாறுகிறது. "இதைப் பரீட்சையில கேட்டா எதை எழுதறது?" என்றாள். இரண்டையும் எழுது, ஆனால் இந்தத் தடவை எதைப் பொறுத்து என்றும் சேர்த்து எழுது என்றேன்.

வளாகத்தில் 1960-ல் கட்டிய சுரங்கத் தொலைநோக்கி இருக்கிறது. வெளியே கோபுரத்தில் ஒரு கண்ணாடி, அது சூரிய ஒளியைப் பிடித்து, வேறு கண்ணாடிகள் வழியாக 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. உள்ளே விழும் சூரிய பிம்பம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் அகலம். அந்தப் பிம்பம் இருந்த இடத்திலேயே இருப்பதற்காக முதல் கண்ணாடி ஓயாமல் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியை நிறுத்தினால் பிம்பம் ஓட ஆரம்பிக்கும். வானத்தில் சூரியன் தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. அந்தக் கணக்கில் 34 சென்டிமீட்டர் பிம்பம் நிமிடத்துக்கு 16 சென்டிமீட்டர் நகரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரேறிப் போய்விடும். அது பூமியின் சுழற்சி, வேறெதுவும் இல்லை. கொஞ்சம் நிறுத்திக் காட்டச் சொல்லலாமா என்று கயல் என் சட்டையை இழுத்தாள். எனக்கும் ஆசைதான். கேட்கும் தைரியம் இருவருக்கும் வரவில்லை.

மாலையில் ஏரியில் படகு. அக்காவுக்காக. 1863-ல் வீர் லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரி. துடுப்புப் படகில் உட்கார்ந்து கரையைப் பார்த்தால் மரங்கள் பின்னால் போகின்றன. இதையே ஆரியபட்டர் 499-ல் எழுதிய நூலில் ஒரு சுலோகமாகச் செய்திருக்கிறார்: ஓடத்தில் முன்னே போகிறவனுக்கு அசையாத பொருள்கள் பின்னே போவதாகத் தெரிவதுபோல, அசையாத விண்மீன்கள் இலங்கையிலிருந்து பார்ப்பவனுக்கு நேர் மேற்கே போவதாகத் தெரிகின்றன. இங்கே இலங்கை என்பது அந்தக் கால வானியலார் நிலநடுக்கோட்டில் வைத்துக்கொண்ட ஓர் இடம். வானம் சுற்றவில்லை, பூமிதான் சுற்றுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பின்னால் வந்த பிரம்மகுப்தர் ஏற்கவில்லை. பூமி சுற்றினால் உயரமான பொருள்கள் ஏன் விழவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வியாழன் இரவு கயல் சுண்டிய நாணயத்தில் இருந்தது. ஏரியிலும் ஒருமுறை சுண்டலாம் என்றாள், அக்கா காசைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ராத்திரி மேகம் மூடிவிட்டது. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. சென்னையில் 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ஆசியா என்று பெயர் வைத்தார். 1988 பிப்ரவரி 17 அன்று நம் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். இரண்டு பேருக்கும் சிறுகோள் என்பது ஒரு வெளிச்சப் புள்ளிதான், பக்கத்துப் புள்ளிகளிலிருந்து வித்தியாசம் எதுவும் தெரியாது. மற்ற புள்ளிகள் ஒன்றுக்கொன்று இருந்த இடத்திலேயே இருக்க, இது மட்டும் இடம் மாறியிருந்ததால் பிடிபட்டது. வானத்தில் தனியாக ஒரே ஒரு புள்ளி இருந்திருந்தால் அது நகர்கிறதா என்ற கேள்வியே எழுந்திருக்காது.

ஞாயிறு, இறங்கினோம்

மலை இறங்கும்போது கயல் முன் சீட்டில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பை தேவைப்படவில்லை. மதுரையில் சாப்பாடு, அப்புறம் பகல் ரயில். கோவில்பட்டியில் கடலைமிட்டாய். திருநெல்வேலி வரை நான் தூங்கிவிட்டேன்.

வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழி கணவாய் நெருங்கும்போது காற்றாலைகள் தொடங்குகின்றன. முப்பந்தல் பக்கம் எங்கே திரும்பினாலும் காற்றாலைதான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு வேடிக்கை: தண்டவாளத்தை ஒட்டிய முள்செடி கண்ணுக்குப் பிடிபடாமல் பின்னால் பறக்கிறது, நடுவயலில் நிற்கும் பனை நிதானமாகப் பின்னால் போகிறது, தூரத்துக் காற்றாலை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது, அதற்கும் பின்னால் இருக்கும் மலை எங்களோடேயே வருகிறது. எல்லாவற்றுக்கும் எங்களைப் பொறுத்து ஒரே வேகம்தான், மணிக்கு எண்பதோ தொண்ணூறோ. கண் பார்ப்பது கிலோமீட்டரை அல்ல, கோணத்தை. தூரம் கூடக்கூடக் கோணம் சுருங்கிவிடுகிறது. ஓடும் வண்டியோடு நிலா கூடவே வருவதாகக் குழந்தைகள் சொல்வதும் இதனால்தான்.

காற்றாலை இறக்கையும் ஏமாற்றும். சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோல் தெரியும். இறக்கை 40 மீட்டர், நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்துக்கொண்டு கயலைக் கணக்குப் போடச் சொன்னேன். நுனியின் வேகம் மணிக்கு 226 கிலோமீட்டர் வந்தது, எங்கள் ரயிலைப்போல் இரண்டரை மடங்கு. அதே நேரத்தில் இறக்கையின் அச்சு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. "அப்ப காத்தாலை இயக்கத்துல இருக்கா, ஓய்வுல இருக்கா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கோபுரமா, இறக்கையா, இறக்கையில் எந்த இடம் என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

திங்கள், கன்னியாகுமரி

சூரிய உதயத்துக்கு எல்லாரும் கடற்கரையில் கூடிவிட்டார்கள். அடிவானத்தில் மேகம் இல்லை. ஆறு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மேல் விளிம்பு எட்டிப் பார்த்ததும் கயல் கைபேசியில் நேரம் எடுக்கத் தொடங்கினாள். கீழ் விளிம்பு கடலை விட்டுப் பிரியும்வரை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். இந்த அட்சரேகையில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்குச் சுமார் 1,658 கிலோமீட்டர். சூரியன் முழுசாக எழுந்த அந்த நேரத்துக்குள் கடற்கரையும், சங்கு விற்பவரும், டீக்கடையும், நாங்களுமாகக் கிழக்கே 60 கிலோமீட்டர் போயிருக்கிறோம். அதே டீ கையில், ஒரு சொட்டு சிந்தவில்லை.

அது போதாதென்று பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது. சூரியன் நம் எல்லாரையும் இழுத்துக்கொண்டு பால்வெளியின் நடுவைச் சுற்றி விநாடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. இன்னொரு பக்கம், இந்த நிலப்பரப்பே ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. ஐயன் வள்ளுவர் சிலையைத் திறந்தது 2000 ஜனவரி 1. அன்றிலிருந்து 133 அடிச் சிலையும் அது நிற்கும் பாறையுமாக ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்க வேண்டும். அப்படியானால் நம் உண்மையான வேகம் எது என்று அக்கா கேட்டார். நாலு நாளாகக் காதில் வாங்காதவர்போல் இருந்தவர். "உண்மையான" என்று ஒன்று இல்லை அக்கா, மேலே சொன்ன ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைப் பொறுத்து உண்மை என்றேன். "ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்ல மாட்டியே" என்று எழுந்து இட்லிக்கடைப் பக்கம் போய்விட்டார்.

எட்டு மணிக்கு மேல் படகு. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் பாறைக்கும் நடுவில் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. காலுக்குக் கீழே அலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றால் பாலம்தான் எதிர்ப்பக்கம் நகர்வதாகத் தோன்றுகிறது. கண் முழுக்க ஒன்று நகர்ந்தால், அவ்வளவு பெரிய பொருள் அசையாது, நான்தான் அசைகிறேன் என்று மூளை முடிவுகட்டிவிடும். பக்கத்தில் ஒருவர் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

அலையில் வேறொரு வேடிக்கையும் இருக்கிறது. வலைக்குக் கட்டிய மிதவை ஒன்று தூரத்தில் தெரிந்தது. அலை அதைத் தாண்டித் தாண்டிக் கரைக்கு வருகிறது, மிதவை மட்டும் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஏறக்குறைய அங்கேயே கிடக்கிறது. அப்படியானால் கரைக்கு வருவது தண்ணீர் இல்லை. ராத்திரி கடைத்தெருவில் சீரியல் செட் விளக்கு ஓடுவதைப் பார்த்தோமே, அந்த வகை. ஒவ்வொரு பல்பும் இருந்த இடத்தில் எரிந்து அணைகிறது, ஓடுவது வெளிச்சத்தின் வரிசை மட்டும். நகர்கிறது என்று நாம் சொல்லும் எல்லாமே பொருள் இல்லை.

திங்கள் மாலை, நாகர்கோவில் ஸ்டேஷன்

வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கயல் விடவில்லை. "நேர்கோட்டுல சீராப் போனாத் தெரியாது, சரி. பூமி சுத்துது மாமா. சுத்தறதுன்னா திசை மாறிக்கிட்டே இருக்கே. அது ஏன் தெரியல?"

நான்கு நாளில் கேட்டதிலேயே நல்ல கேள்வி. தெரிய வேண்டும். தெரியவும் செய்கிறது, ஆனால் உடம்புக்கு எட்டாத அளவில். மலைப்பாதை பஸ் வளைவில் சில விநாடிகளில் திசை மாறிவிடுகிறது. பூமிக்கு ஒரு சுற்றுக்கு ஒரு நாள் வேண்டும். இப்படித் திசை மாறும் வீதத்துக்கும் முடுக்கம் என்றுதான் பெயர். நிலநடுக்கோட்டில் அந்த முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய 290-ல் ஒரு பங்கு. 60 கிலோ ஆள் வில் தராசில் ஏறினால், பூமி சுற்றுவதால் மட்டும் 200 கிராம் குறைவாகக் காட்டும். காதுக்குள் இருக்கும் திரவம் இதற்கெல்லாம் அசையாது.

அசைகிற ஒரு பொருள் இருக்கிறது. 1851-ல் பாரிஸின் பாந்தியோனில் லியோன் ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். குண்டு ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே போனது. குண்டைத் திருப்ப யாரும் இல்லை, கீழே தரைதான் திரும்புகிறது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வானத்தையே பார்க்காமல், பூமி சுற்றுவதைச் சொல்லிவிடலாம். கலிலியோவின் மூடிய அறை சீரான நேர்கோட்டுப் பயணத்துக்கு மட்டும்தான், சுழற்சிக்குச் செல்லாது. டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் ஒரு ஃபூக்கோ ஊசல் தொங்குகிறது. 22 மீட்டர் உயரம், 36 கிலோ, ஒரு முழுச் சுற்றுக்கு 49 மணி 59 நிமிடம் 18 விநாடி. துருவத்தில் வைத்தால் ஒரே நாள். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க நேரம் கூடும், நடுக்கோட்டிலேயே வைத்தால் திரும்பவே திரும்பாது. கன்னியாகுமரி 8 பாகையில் இருப்பதால் ஏறக்குறைய 170 மணி நேரம், ஒரு வாரம். சென்னையில் 106 மணி நேரம்.

இந்தக் கடைசி எண்ணைச் சொல்லியிருக்கக் கூடாது. 106 மணி நேரம் என்றால் ஒரு மணிக்கு மூன்று பாகைக்கு மேல் திரும்புமே, ஒரு ராத்திரியில் நன்றாகத் தெரியுமே என்று கயல் அத்தானுக்கு போன் போட்டுவிட்டாள். மாடிப்படி நடுவில் இருக்கும் இடைவெளி மேலிருந்து கீழ்வரை எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து சொல்ல வேண்டுமாம். அத்தான் பாவம், கூடத்தில் ஊஞ்சல் கொக்கி சும்மாத்தானே கிடக்கிறது, அதில் கட்டிக்கொள்ளேன் என்கிறார். அது உதவாது என்று நான் இங்கிருந்தே கத்துகிறேன். ஊஞ்சல் கொக்கி ஒரே திசையில்தான் ஒழுங்காக ஆடவிடும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விட்டுக்கொடுக்கிற பிடி வேண்டும், மெல்லிய எஃகுக் கம்பி வேண்டும், குண்டு குறைந்தது நாலைந்து கிலோவாவது வேண்டும், மின்விசிறி ஓடக் கூடாது. ஆட்டம் அடங்குவதற்குள் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதுதான் சந்தேகம். மின்விசிறி ஓடக் கூடாது என்றதும் போனை அக்கா வாங்கிக்கொண்டார்.